வாந்திபேதிப் படமும் முத்துப் பாரும்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு படம்தான் வரைந்திருக்கிறேன். அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். நாலு நாள் விடாமல் வந்தார்கள். இதைக் கேட்டு யாரும் என்னைச் சித்திரக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அடிமட்டம் இல்லாமல் எனக்கு ஒரு கோடு நேராக வராது. வந்தவர்கள் என்ன பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது எனக்கே நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அது யுத்த காலம். தூத்துக்குடி நகர சுகாதார அலுவலகத்தில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது, கிணறுகளில் மருந்துப் பொடி போடுவது, தடுப்பூசி போடுவது, யாருக்கு என்ன சீக்கு என்று பதிவேட்டில் எழுதுவது. மதராஸில் போய்ப் படித்து வாங்கிய சான்றிதழோடு வந்திருந்தேன். சொந்த ஊர் ஏரல். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. "பொம்பளப் பிள்ள ஊசியத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையுதாமே" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே அவர் முந்திக்கொள்வார்.

"ஆறு மாசந்தான் அண்ணாச்சி. பெறவு வந்திருவா."

வந்ததும் கட்டிவைக்க ஆளும் தயாராக இருந்தது. ஆறுமுகநேரி உப்பளத்தில் மேஸ்திரி. பெண் பார்க்க வந்த அன்று அவர் வாய் திறந்து சொன்னது ஒன்றே ஒன்று: "இந்த வருசம் வெயிலு நல்லாருக்கு." அதற்கு அப்பா "ஆமா, ஆமா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு என் வேலை பிடித்திருந்தது. யார் வீட்டுக் கதவையும் தட்டி உள்ளே போகலாம். "இந்தத் தண்ணியக் கொட்டுங்க, அந்தப் பாயை எரிங்க" என்று அதட்டலாம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதட்டப் பிடிக்கும். வீட்டில் அதற்காக அடி விழும்; இங்கே சம்பளம் கொடுத்தார்கள். இந்த வேலையை விட்டு நான் ஏன் வெயிலைப் பற்றிப் பேசப் போக வேண்டும்?

வேலை நிலைக்க வேண்டுமானால் அதற்கு ஒரே வழி கடற்கரைத் தெரு. வாந்திபேதி அங்கேதான் அதிகம். தடுப்பூசிக்கு ஒரு ஆள்கூட வராததும் அங்கேதான். ஊசி போட்டால் இரண்டு நாள் கையைத் தூக்க முடியாது, கையைத் தூக்காமல் வலையை எப்படி இழுப்பது என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம்தான், ஆனால் நான் அதைக் காதில் வாங்கவில்லை. மாதா கோயில் திருநாளுக்குக் கொடியேற்றிவிட்டால் எங்கெங்கிருந்தோ சனம் வந்து குவிந்துவிடும். அதற்குள் அந்தத் தெருவில் பாதிப் பேருக்காவது ஊசி போட்டாக வேண்டும். இல்லையென்றால் இந்த வேலைக்கு அவசியம் இல்லை என்று நகரசபை எழுதிவிடும், நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சுகாதார அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டார், எண்ணியதைப் படமாகப் பார்க்காமல் தூங்க மாட்டார். தன் உடம்பின் எடையை மாதாமாதம் குறித்துக் கோடு போட்டு வீட்டு முன்னறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். தீபாவளி மாதத்தில் அந்தக் கோடு மேலே போவதை வருகிறவர்களுக்கெல்லாம் விரலால் தொட்டுக் காட்டுவார். மனைவி அந்த அறைக்குள் வருவதையே விட்டுவிட்டார் என்று கேள்வி.

அவருடைய முதல் முயற்சி, வாந்திபேதிக் கணக்கைக் கட்டம் கட்டமாக அச்சடித்துச் சுவர்களில் ஒட்டியது. கஞ்சிப் பசையில் ஒட்டினோம். மத்தியானத்துக்குள் ஆடுகள் வந்து தின்றுவிட்டன. ஒரு இடத்தில் மட்டும் மேல் பாதி மிச்சம் இருந்தது, ஆட்டுக்கு அதற்கு மேல் எட்டவில்லை.

"பேப்பர் வேண்டாம்" என்றார் அதிகாரி. "பலகை. பெரிய பலகை. நம்பரை யாரும் படிக்க மாட்டா. கிராஃபா போட்டா குழந்தைக்கும் புரியும். நீங்கதான் போடறேள்."

கரையில் மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டில் அளவுக்கு ஒரு பலகை நிறுத்தினார்கள். அதில் வடக்கிலிருந்து தெற்காகத் தெருக்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தெருவிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று காட்ட வேண்டும். தெருவுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். அதிகாரி புள்ளிகளைக் கோட்டால் இணைக்கச் சொன்னார்.

"கோயிலுக்கும் பஜாருக்கும் நடுவுல கோடு போகுதே சார், அந்த இடத்துல யார் செத்தா?"

"யாரும் சாக வேண்டாம். கோடு இல்லாம கிராஃபாம்மா?"

அவர் அதிகாரி. கோடு போட்டேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று அடியில் தெருப் பெயருக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் படம் வைத்தேன். அது என் சொந்த மூளை. வடக்கே உப்பளத்துக்கு ஒரு உப்புக் குவியல். அடுத்தது மில்லின் புகைபோக்கி. கடற்கரைத் தெருவுக்கு மாதா கோயில். பஜாருக்குத் தராசு. அப்புறம் பள்ளிவாசல். கடைசியில் கலங்கரை விளக்கம். கோடு உப்பளத்தில் தாழ்ந்து கிடந்து, புகைபோக்கிக்கு நேரே கொஞ்சம் எழும்பி, கோயிலுக்கு நேரே சட்டென்று உயர்ந்து நின்று, பஜாரில் இறங்கிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் எண்ணைப் பெரிதாக எழுதினேன். கோயிலுக்கு நேரே ஏழு.

"வெறும் கோடா இருந்தா பப்ளிக் நிக்க மாட்டா. கலர் குடுங்கோ" என்றார் அதிகாரி.

கலருக்கு எங்கே போவது? பெயிண்ட் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. துறைமுகத்துச் சாமான் அறையில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு டப்பா வாங்கினேன். ஒன்று நீலம், ஒன்று செம்மண் நிறம். கோட்டுக்குக் கீழே செம்மண் நிறத்தை அடித்தேன். கோட்டுக்கு மேலே நீலத்தை அடித்தேன். உச்சியில் 'வாந்திபேதி - தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். தள்ளி நின்று பார்த்தபோது, சும்மா சொல்லக் கூடாது, அழகாகவே இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனால் பலகைக்கு முன்னால் முப்பது ஆண்கள் குந்தியிருக்கிறார்கள். ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துப் படத்தை அளக்கிறார். இன்னொருவர் எழுந்து போய்ப் புகைபோக்கிக்கும் கோயிலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சாண் போட்டுப் பார்க்கிறார். மதியத்துக்குள் கூட்டம் இரட்டித்தது. வலை பின்னுகிறவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தார்கள். நடக்க முடியாத ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து பலகைக்கு நேரே வைத்தார்கள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் அப்பமே சொன்னேம்லா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார்: 'பொதுமக்கள் கிராஃபை மிக ஆழ்ந்து கவனிக்கிறார்கள்.' ஆழம் என்பதில் ஒரு பிழையும் இல்லை என்று இப்போது சொல்லலாம்.

பலகையிலிருந்து பத்தடியில் ஓலைப் பந்தல் போட்டு, அடுப்பு மூட்டி, ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசிகளை எட்டுத் தடவை கொதிக்க வைத்தேன். ஒரே ஒரு ஆள் வந்தார். பஜார்த் தெருக்காரர். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர். இன்னும் ஒன்று போட்டால் உடம்புக்குப் பலம் கூடுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது நாள் கூட்டத்தில் சண்டை வந்தது. மேடான இடத்தில் ஏழு என்றும் பள்ளமான இடத்தில் ஒன்று என்றும் எழுதியிருப்பது எப்படிச் சரியாகும் என்று ஒரு கட்சி கேட்டது. "மேட்டுல கொறச்சலாத்தானல இருக்கணும்? எவன் எழுதினான் இத?" இன்னொரு கட்சிக்காரர் நிதானமாகப் பதில் சொன்னார். "வேணும்னே மாத்தி எழுதியிருக்கான். நாளைக்கு ஜப்பான்காரன் வந்து இறங்கினாம்னா, இதப் பாத்துத் தப்பா போயி மாட்டட்டும்னு." எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். வாந்திபேதிக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அடுப்பை ஊதிக்கொண்டே யோசித்தேன்.

நாலாம் நாள் ஒரு சம்மாட்டி என் பந்தலுக்கு வந்தார். சம்மாட்டி என்றால் தோணி வைத்து ஆள் கட்டித் தொழில் செய்கிறவர். இவருக்கு நாற்பது வயதிருக்கும். கடற்கரைத் தெருவில் இவர் சொன்னால் சொன்னதுதான். ஊசி போட வந்திருக்கிறார், இனித் தெருவே வந்துவிடும் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஞ்சை எடுத்து நனைத்தேன்.

"நர்சம்மா, படம் நீங்கதான் எழுதினியளா?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லா எழுதியிருக்கிய. ஒரு சந்தேகம். கோயிலுக்கு நேரா ஒரு பார் எந்திரிச்சு நிக்கில்லா, அது கரையிலேருந்து எத்தன மைலு?"

"என்ன பார்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கடலுக்குள்ள கெடக்க பார்தான்."

இந்தக் கரையில் பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. முத்துச் சிப்பி ஒட்டி வளர்வது அதில்தான். முத்துக் குளிப்பு நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. சர்க்கார் ஆட்கள் அவ்வப்போது படகில் போய்ப் பார்களைச் சோதித்துவிட்டு, சிப்பி இல்லை என்றோ முற்றவில்லை என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கரையில் யாரும் நம்பியது கிடையாது. எங்கேயோ ஒரு பார் நிறைய சிப்பி கிடக்கிறது, சர்க்கார் மறைக்கிறது என்பது அப்பன் பிள்ளைக்குச் சொல்லிவைத்த நம்பிக்கை.

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். மேலே நீலம். கீழே செம்மண் நிறம். நடுவில் ஏறி இறங்கும் கோடு. அடியில் கோயில், புகைபோக்கி, கலங்கரை விளக்கம் என்று, கடலில் நின்று இடம் பார்க்கிறவர்கள் எவற்றைக் கொண்டு இடம் பார்ப்பார்களோ அத்தனையும் வடக்கு தெற்கு மாறாமல் வரிசையாக. போதாததற்கு ஆழத்துக்கு எண் வேறு. ஒரு வாரம் உட்கார்ந்து கடலையும் கடலின் தரையையும் வரைந்து சர்க்கார் செலவில் கரையில் நட்டுவைத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்கு முடிந்ததே தெரியாமல் நாலு நாள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது பார் இல்ல அண்ணாச்சி. வாந்திபேதி. கோடு ஒசரமா இருந்தா அங்க நெறைய பேர் செத்திருக்காங்கன்னு அர்த்தம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யுத்த காலம். நீங்களும் சர்க்கார் சம்பளம் வாங்குதவிய. வாயத் தொறந்து சொல்லப்படாதுதான்."

"மேல எழுதியிருக்கே, படிச்சுப் பாருங்க."

"படிச்சேன். கெட்டிக்காரத்தனமாத்தான் எழுதியிருக்கிய."

"அண்ணாச்சி, நான் சொல்றதைக் கேளுங்க."

"நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் ஒண்ணும் சொல்லல" என்று என் கையில் இருந்த பஞ்சைக்கூடக் கவனிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது கரையில் ஒரு தோணிகூட இல்லை. எல்லாம் மீன் பிடிக்கத்தான் போயிருக்கின்றன என்று பெண்கள் சொன்னார்கள். கோயிலுக்கு நேர் கிழக்கே, ஒன்றன்பின் ஒன்றாக, வேறு எங்கேயும் விலகாமல் அத்தனை தோணியும் நின்றதைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. இரண்டு நாள் இப்படி. பஜாரில் மீன் இல்லை. மீன் விற்கிற பெண்கள் வெறும் கூடையோடு வந்து என் பந்தல் நிழலில் உட்கார்ந்து ஆண்களைத் திட்டினார்கள். அவர்களுக்கும் நான் ஊசி போடப் பார்த்தேன். "ஏளா, நர்சம்மா கிட்ட போவாத, குத்திருவா" என்று தள்ளி உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தோணிகள் திரும்பின. ஈயக் குண்டு கட்டிய கயிறை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூழ்கியும் பார்த்திருக்கிறார்கள். நான் மேடு காட்டிய இடத்தில் மேடு இல்லை. வெறும் மணல்.

நானாக இருந்தால் கோபத்தில் பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கடலைத் தப்பாக எழுதிவைத்தால் நாளைக்கு ஒருத்தன் அதை நம்பிப் போய்த் தோணியை முட்டுவான், அது பாவம் என்று நினைத்தவர்கள். தோணிக்குப் பூசுகிற கீலைக் காய்ச்சிக்கொண்டு வந்து, என் கோட்டுக்கு மேலே தாங்கள் அளந்த அளவுப்படி வேறு கோடு போட்டுவிட்டார்கள். எண்களையும் கீலால் அடித்துவிட்டார்கள். என் கோடு நடுங்கும். அவர்கள் கோடு அறுத்து வைத்ததுபோல் இருந்தது. கோயிலுக்கு நேரே உயர்ந்து நின்ற மேடு தரையோடு தரையாகப் போயிருந்தது.

நான் அதைப் பார்ப்பதற்கு முன்னால் அதிகாரி பார்த்துவிட்டார். காலையில் சைக்கிளில் அந்த வழியாக வந்தவர், கோடு தாழ்ந்து கிடப்பதைக் கண்டு இறங்கிக் கும்பிடாத குறை. நேராக அலுவலகம் போய் நகரசபைக்குக் கடிதம் எழுதிவிட்டார்: 'கடற்கரைத் தெருவில் நோய் அடியோடு தணிந்துவிட்டது. கிராஃப் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆகவே தற்காலிகப் பணியிடம் இனித் தேவைப்படாது.'

நான் போனபோது கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது.

"சார், அது கீல்."

"என்ன கீல்?"

நடந்ததைச் சொன்னேன். "ரெஜிஸ்டரைப் பார்த்திருக்கலாமே சார்" என்று கேட்டேன். "கிராஃப் இருக்கறச்சே ரெஜிஸ்டர் எதுக்கு?" என்றார், நிஜமாகவே புரியாமல். வாந்திபேதியை மீன்காரர்கள் கயிறு விட்டு அளந்து திருத்திவிட்டார்கள் என்று அவர் நகரசபைக்கு எப்படி எழுதுவார்? "கொடியேத்தத்துக்கு அஞ்சு நாள் இருக்கு. அந்தத் தெருக்காரா ஊசி போட்டுண்டா, இன்னும் வேலை இருக்குன்னு நான் மாத்தி எழுதலாம். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அலுவலகத்திலிருந்து கரைக்கு நடந்தேன். ஆறுமுகநேரி வெயில் அப்போதே என் உச்சந்தலையில் அடிப்பதுபோல் இருந்தது. இனி அழுவதா சண்டை போடுவதா என்று ஒரு கணம்கூட யோசித்ததாக நினைவில்லை. எனக்குச் சண்டைதான் வரும்.

கரையில் சம்மாட்டியின் தோணி வந்து மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். தோணிக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு, ஆளுக்கு ஒரு கூறு என்று மணலில் குவியல் குவியலாக. சுற்றி நின்ற ஆணும் பெண்ணும் அந்தக் குவியல்களை ஒரே பார்வையில் எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் குவியலில் ஒரு மீன் கூட, எதில் ஒன்று குறைவு என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"யாரைக் கேட்டு என் படத்துல கை வச்சீங்க?" என்றேன்.

சம்மாட்டி நிமிர்ந்து பார்த்தார். "தப்பா இருந்துது. திருத்தினோம்."

"அது கடல் இல்ல. எத்தனை தடவை சொல்றது? செத்தவங்க. அத்தனையும் செத்தவங்க."

"அத வச்சிட்டு எதுக்கு நீலத்த அடிச்சிய?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்தக் கரையில் எங்கே கையை வைத்தாலும் பழைய சிப்பி ஓடு அகப்படும். குனிந்து கை நிறைய அள்ளினேன். மீன் கூறுகளுக்குப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து வைக்கத் தொடங்கினேன்.

"இது உப்பளம். ஒரு சிப்பி ஒரு ஆள். ஒண்ணு. இது மில்லுத் தெரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. இது பஜார், ரெண்டு. இது உங்க தெரு. எண்ணிக்கிடுங்க." ஏழு சிப்பிகளைக் குவித்தேன். "இதுல எங்க கடல் தெரியுது உங்களுக்கு?"

கூறு பார்க்கிற கண்கள் அத்தனையும் சிப்பிகளின் மேல் இருந்தன. ஒரு தெருவையும் இன்னொரு தெருவையும் அவர்கள் பார்த்தார்கள். பலகைக்கு முன்னால் குந்தியிருந்த முகங்கள்தான், ஆனால் இப்போது வேறு மாதிரி இருந்தன.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஏழு தப்பு" என்றது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இதுவும் தப்பா? இதையும் கயிறு விட்டு அளந்தீங்களா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் சம்மாட்டியின் மனைவி. இடுப்பில் மீன் கூடை. அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மணலிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தாள். சின்னதாகப் பார்த்து எடுத்தாள். அதை அவர்கள் தெருவின் குவியலில் வைத்துவிட்டு நின்றாள். சம்மாட்டி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். இரண்டாவது மகள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னார்கள். காய்ச்சல் என்று நானும் எழுதிக்கொண்டேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன செய்விய? பாய எரிக்கச் சொல்லுவிய. கெணத்துல பொடியக் கொட்டுவிய. மிச்சப் பிள்ளையள ஊருக்கு வெளிய சீக்குக் கொட்டகைக்குக் கொண்டுபோவிய. தெருவே கேக்க வாசல்ல நின்னு சத்தம் போடுவிய."

அத்தனையும் நான் செய்ததுதான். பக்கத்து வீட்டில் செய்தேன். அவள் கதவிடுக்கில் நின்று பார்த்திருப்பாள்.

அதற்குப் பிறகு இன்னொருத்தி வந்து ஒரு சிப்பி வைத்தாள். ஒரு வலைக்காரர் வைத்தார். கிழவரைக் கட்டிலோடு தூக்கிவந்த நால்வரில் ஒருவன் வந்து, கையில் இருந்ததை வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வைத்தான். பதினொன்று. பதிவேட்டில் ஏழு என்று நான்தான் என் கையால் எழுதியிருந்தேன். பெரிய எழுத்தில், பெயிண்ட்டில், கரையில் நட்டும் வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

சம்மாட்டிதான் முதலில் பேசினார். "ஊசி எங்கன போடுதிய?"

பந்தலுக்குக் கூட்டிப்போனேன். பத்துப் பாகம், அதாவது பத்து ஆள் ஆழத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுறாவுக்கு நடுவில் சங்கு பொறுக்குகிற மனிதர், ஊசியைக் கண்டதும் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சொல்லிட்டுக் குத்துங்க" என்றார். சொன்னேன். "சொல்லாம குத்துங்க" என்றார். குத்தினேன். குத்தி முடித்துப் பஞ்சை வைத்தபிறகு மயங்கி என் மேல் சாய்ந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்திருக்கும். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. ஒரு வீட்டில் இன்றைக்குப் பாதிப் பேர், நாளை மறுநாள் மீதிப் பேர் என்று வலைக்குக் கை குறையாமல் அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். இதை நான் முதலிலேயே யோசித்திருக்கலாம். மூன்று நாளில் தெருவில் முக்கால்வாசி முடிந்தது.

பதினொன்றை அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் தன் கிராஃபில் புதுப் புள்ளி வைத்தார். "என்னம்மா, ஏறிடுத்தே" என்றார். "முன்னாலயே ஏறித்தான் சார் இருந்தது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு நகரசபைக்கு மாற்றி எழுதினார். கொடியேற்றத்துக்கு முதல் நாள் உத்தரவு வந்தது: 'கடற்கரைத் தெருவில் முன்பு அறிந்ததைவிட நோய் அதிகமாக இருப்பது தெரியவந்துள்ளதால், இந்தப் பணியிடத்தை நிரந்தரமாக்கலாம்.' ஊசி போட்டவர்கள் எண்ணிக்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம். இரண்டு தடவை கிழித்தேன்.

கொடியேற்றத்தன்று சம்மாட்டி ஒரு சீலா மீனை ஓலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். ஊசி போட்ட கை இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"வேல நெலச்சிட்டாமே. ஊரெல்லாம் பேசுதாவ."

சரி என்று சொல்லி மீனை வாங்கி வைத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்த உத்தரவை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். எந்த நாலு சிப்பியால் அது அதிகமானது என்று சொன்னேன். அந்த நாலில் ஒன்று அவர் மகள் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னேன். அவளால்தான் எனக்கு இந்த வேலை என்றும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

வெளியே திருநாள் வேட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மேஜைமேல் இருந்த பதிவேட்டைக் காட்டிக் கேட்டார்.

"அவ இதுக்குள்ள இருக்காளா?"

"இருக்கா." வாந்திபேதிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கடற்கரைத் தெரு, பெண், வயது ஆறு, எண்ணிக்கை ஒன்று.

"வெறும் ஒண்ணுன்னு போடாதிய" என்றார். "பேர எழுதிக்கிடுங்க."

பேரைச் சொன்னார். அந்தப் பதிவேட்டில் பெயருக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன். அன்று சாயங்காலமே மற்ற மூன்று வீடுகளுக்கும் போய், வாசலில் நின்று மெதுவாகக் கூப்பிட்டு, அந்தப் பேர்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.